கழுத்தின் பசி

என் கை நடுங்குவதை முதலில் கண்டுகொண்டவர் என் மாமியார்தான். விடியற்காலையில் அவருக்குக் காப்பி நீட்டினேன். டபராவுக்குள் டம்ளர் கடகடவென்று ஆடியது. அவர் டம்ளரை வாங்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, கை இப்பிடி ஆடுது? ராத்திரி தூங்கலியா?"

"தூங்கனேன் அத்தை. இன்னான்னு தெரில."

"தெரில தெரிலன்னே சொல்லு. வளையலு முழங்கைக்கு ஏறுது பாரு. எலும்பாப் பூட்ட."

அவர் சொன்னது உண்மை. மூன்று வேளையும் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன், ஆனாலும் உடம்பு கரைந்துகொண்டே போனது. மார்கழியில்கூட மின்விசிறி இல்லாமல் உட்கார முடியவில்லை. மாடிப்படி ஏறினால் நெஞ்சு தொண்டைக்கு வந்து அடித்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது, அது தணிவதற்குள் அழுகையும் வந்தது.

நான் சேதராப்பட்டுக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மீனவர் குப்பமான குருசுக்குப்பத்துக்கு வந்தேன். கணவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். மாமியார் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தேன். பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் கீறல், வளைவு, கறுப்புப் புள்ளி இருந்தால் விரலால் தட்டி எடுத்துவிட வேண்டும். அந்த வேலையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஒரு கர்வம் உண்டு. கை நடுங்க ஆரம்பித்ததும் நல்ல மூடிகளையும் சேர்த்துத் தட்டிவிட்டேன். சூப்பர்வைசர் என்னை அட்டைப்பெட்டி ஒட்டும் பக்கம் மாற்றினார். அன்றைக்குக் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகமாகச் சுரப்பது தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். நடு வயது, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீங்கியிருக்கு, பெருசாவே இருக்கு" என்றார். மாத்திரை கொடுத்தார். ஒழுங்காகச் சாப்பிட்டேன், உடம்பு தேறியது. இரண்டு வருடம் கழித்து மாத்திரையை மெதுவாகக் குறைத்து நிறுத்தினார்கள். சில மாதங்களில் எல்லாம் பழையபடி திரும்பி வந்தது. இந்தத் தடவை மூச்சும் வாங்கியது. ஒரு நாள் பஸ்ஸிலேயே மயங்கிவிட்டேன். கூட வேலை செய்யும் பெண்கள் வழியில் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நரம்பில் சாயம் ஏற்றி நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் கோளாறு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஸ்கேன் படத்தோடு மறுபடியும் டாக்டரிடம் போனோம். கணவரும் வந்திருந்தார்.

"மாத்திரையில ஒருதரம் அடங்கி மறுபடி வந்துடுச்சு. இனி மாத்திரைய மட்டும் நம்பி இருக்க வேணாம்" என்றார் டாக்டர். "ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு ஆபரேஷன். இன்னொண்ணு கதிர்வீச்சு இருக்கற அயோடின். ஒரே ஒரு கேப்ஸ்யூல். முழுங்குனா நேரா கழுத்துக்குப் போயி, அதிகமா சுரக்கற அணுக்கள அழிக்கும்."

கணவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "கரண்டு எடுக்குறாங்களே, அந்த அணுவா டாக்டர்?"

"அவ்ளோ பெரிய விஷயமில்ல. கொஞ்சூண்டு. கொஞ்ச நாள்ல ஒடம்ப விட்டுப் போயிடும்."

பிறகு அவர் ஸ்கேன் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணாடி தலையிலிருந்து மூக்குக்கு இறங்கியது. "இது எப்ப எடுத்தீங்க? சாயம் போட்டாங்களா?"

போட்டார்கள் என்றேன்.

"அப்ப இப்ப முடியாது. ரெண்டு மூணு மாசம் போகட்டும்."

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். அந்த அறையில் இன்னும் நான்கைந்து பேர் காத்திருந்தார்கள். ஆனாலும் அவர் சலித்துக்கொள்ளாமல் சொன்னார்.

"இந்தக் கழுத்துக்கு அயோடின்னா உயிர். எங்க கெடைச்சாலும் இழுத்துக்கும். அந்தப் பசியை வச்சுதான் மருந்த உள்ள அனுப்பறோம். ஸ்கேன் சாயத்துல அயோடின் நெறைய இருக்கு. வயிறு முட்ட சாப்ட்டவன் முன்னால பிரியாணி வச்சா தொடுவானா? அப்பிடித்தான். பசி வரட்டும்."

இரண்டு மூன்று மாதம் மாத்திரையிலேயே ஓட்டினேன். அடுத்த முறை போனபோது அவர் சொன்ன முன்னேற்பாடுகள்தான் எங்கள் வீட்டைக் கலக்கின. கேப்ஸ்யூலுக்குச் சில நாள் முன்பே தைராய்டு மாத்திரையை நிறுத்த வேண்டும். அதற்கும் முன்பிருந்தே அயோடின் உள்ள சாப்பாட்டைக் குறைக்க வேண்டும். கடை உப்பு கூடாது, பால் தயிர் குறைக்க வேண்டும், முட்டை வேண்டாம். "முக்கியமா கடல் மீன், இறால், நண்டு, கருவாடு எதுவும் வேணாம்" என்றார்.

என் கணவர் சிரித்தேவிட்டார். "டாக்டர், நாங்க குருசுக்குப்பம்."

"தெரியும். அதனாலதான் அழுத்திச் சொல்றேன்."

கண்ணையும் பார்த்தார். டார்ச் அடித்து, விரலை அசைத்து, தொடர்ந்து பார்க்கச் சொன்னார். இந்த நோயில் சிலருக்குக் கண் பிதுங்குமாம். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்தால் கண் இன்னும் மோசமாகலாம், புகையும் சேர்ந்தால் ஆபத்து அதிகம் என்றார். எனக்கு லேசான வீக்கம்தான். "வீட்ல யாராச்சும் பீடி சிகரெட் பிடிக்கிறாங்களா?" என்று கேட்டார். கணவர் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் பீடிக்கட்டைத் தூக்கிப்போட்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. முதலில் வீட்டுக்குள் பிடிப்பதை விட்டார். பிறகு தெருவில் விட்டார். கடைசியில் படகிலும் விட்டபோது கூடப் போகிறவர்கள் அவரைப் படாதபாடு படுத்தினார்கள். அத்தனையையும் தாங்கிக்கொண்டார். அவரைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் இதற்குத்தான் முதல் இடம்.

உப்புப் பிரச்சினையை மாமியார் ஒரே நொடியில் தீர்த்தார்.

"கருவாட்டுக்குப் போடற மரக்காணத்து உப்பு மூட்டையா கெடக்குது. அதுல எவனும் ஒண்ணும் கலக்கல. போயி டாக்டரம்மாவாண்ட கேளு."

கேட்டேன். அயோடின் சேர்க்காத உப்பென்றால் நல்லதுதான் என்றார்கள். எனக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் கத்தரிக்காய், முருங்கைக்காய், பருப்பு என்று தனியாக ஆக்கிக்கொண்டேன். பக்கத்து அடுப்பில் சங்கரா மீன் குழம்பு கொதிக்கும். நான் வாசல் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுவேன். பிறந்த வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் மீன் பார்த்தவள், இந்த வீட்டுக்கு வந்து மீன் இல்லாமல் சோறு இறங்காதவளாக மாறியிருந்தேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

கேப்ஸ்யூல் கொடுத்த அறை நான் பயந்த மாதிரி இல்லை. கனமான ஈயக் குப்பிக்குள்ளிருந்து சின்னக் குழாயை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். வாயில் கவிழ்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தேன். ருசி ஒன்றும் இல்லை. "அவ்ளோதானா?" என்று கேட்டேன். "அவ்ளோதான். இனிமேதான் ஒதுங்கி இருக்கணும்" என்றார் அங்கிருந்தவர்.

ஒதுங்கி இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. மகளுக்கு அப்போது நான்கு வயது. என்னிடமிருந்து வரும் கதிர் சின்னக் குழந்தைக்கு ஆகாது என்பதால் தூக்கக் கூடாது, பக்கத்தில் படுக்கக் கூடாது. குப்பத்து வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? மூலக்குளத்தில் என் அக்கா வீட்டு மாடி காலியாக இருந்தது. அங்கே போய்த் தங்கினேன். தனிக் கழிப்பறை, தனித் தட்டு. நிறையத் தண்ணீர் குடித்தேன். சாயங்காலத்தில் கணவர் மகளைக் கூட்டிவந்து எதிர்ச் சாரியில் நிற்பார். அவள் கீழிருந்து கத்துவாள், நான் மாடியிலிருந்து பதில் கத்துவேன். தெருவே எங்கள் வீட்டுக் கதையைத் தெரிந்துகொண்டது. ஒரு நாள் அவள், "அம்மா, நீ ராத்திரி வெளிச்சமா இருப்பியா?" என்று கேட்டாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். அவளுக்குத்தான் ஏமாற்றம்.

மூன்று மாதத்தில் தைராய்டு அளவு கொஞ்சம் இறங்கியது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் இறங்க வேண்டிய இடத்துக்கு இறங்கவில்லை. கை நடுக்கம் குறைந்திருந்தது, நின்றுபோகவில்லை. எனக்குப் பின்னால் அதே அறையில் கேப்ஸ்யூல் விழுங்கிய ஒரு பெண்ணுக்கு ஒரே தடவையில் சரியாகிவிட்டது. வரிசையில் அவரைப் பார்த்தபோது பொறாமையாக இருந்தது.

என் அம்மா ஊரிலிருந்து வந்து, "இத்தோட வுட்டுடு. நாட்டு மருந்து பாக்கலாம்" என்றார். குப்பத்தில் சிலர், கடல் மீனில் இருக்கிற அயோடின்தானே, கடல் மருந்து கடல்காரிக்கு ஒத்துக்கொள்ளாது என்று புதுசாக ஒரு சாஸ்திரம் சொன்னார்கள். மாமியார் இரண்டு நாள் முகம் இருண்டே இருந்தார். டாக்டரைப் பார்க்கப் போகும் நாளில் மார்க்கெட்டுக்குப் போகாமல் என்னோடு கிளம்பிவிட்டார்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் கேட்க வருவதற்குள் மாமியாரே கேட்டார்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இவ மருந்து சாப்பிட்ற நேரத்துல நான் அடுப்புல கருவாடு சுட்டேன். அந்த வாசன போயிதான் மருந்து வேல செய்யலியா?"

இத்தனை நாள் அவர் மனதில் கிடந்தது இதுதான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"வாசனையால ஒண்ணும் ஆகாதும்மா. நீங்களும் தப்பு பண்ணல, உங்க மருமகளும் தப்பு பண்ணல. சொன்னதெல்லாம் செஞ்சா. கழுத்து மருந்த நல்லாவே இழுத்திருக்கு."

"அப்பறம் ஏன் டாக்டர் எனக்குப் பின்னால எடுத்தவங்களுக்கு ஒரே தடவைல சரியாச்சு, எனக்கு ஆவல?" என்று நான் கேட்டேன்.

அவர் என் கழுத்தைக் காட்டினார். "அவங்களுக்குச் சின்னக் கட்டி. உனக்குப் பெருசு. பெருசா இருந்தா ஒரு தடவ போதாம போறது சகஜம். உனக்கு ஆரம்பத்துலயே சுரக்கற அளவும் ரொம்ப அதிகம். குடுக்கற மருந்தோட அளவு, முன்னாடி சாப்ட்ட மாத்திரை, இப்பிடி இன்னும் சிலது சேரும். எல்லாத்தையும் பாத்துதான் குடுக்கறோம். அதுக்கப்பறமும் சில பேருக்கு ஏன் நிக்கல, சில பேருக்கு ஏன் நின்னுச்சுன்னு எங்களுக்கே முழுசா தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. என்னவோ, அந்த வார்த்தைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. ஆபரேஷன் செய்துகொள்ளலாம், அல்லது இன்னொரு கேப்ஸ்யூல் எடுக்கலாம், யோசித்துச் சொல் என்றார். வெளியே போய் யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. கணவரைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. "இன்னொரு தடவ எடுத்துக்கறேன் டாக்டர். கட்டி இப்ப கொஞ்சம் சுருங்கிடுச்சே, இப்ப குடுத்தா மிச்சத்தையும் முடிச்சிடும் இல்ல?" என்றேன்.

"வாய்ப்பு அதிகம்" என்றார். அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. என் உடம்பைப் பற்றிய முடிவை நானே, அதுவும் காரணம் தெரிந்து எடுத்தேன் என்று நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

மறுபடியும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு ஆரம்பித்தது. முதல் நாள் நான் என் சின்னப் பாத்திரத்தை எடுத்தேன். மாமியார் அதைப் பிடுங்கி மேலே கவிழ்த்தார்.

"பெரிய குண்டான எடு. எல்லாருக்கும் ஒரே சமையல்."

"வாசனையால ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னாங்களே அத்தை."

"மருந்துக்காவ இல்லடி. நீ வாசல்ல போயி ஒக்காந்து துன்றத போன தடவ பாத்தேன். எனக்கு சோறு எறங்கல."

மீன் பிடிக்கிற வீட்டில், மீன் விற்கிற வீட்டில், அடுப்பில் மீன் ஏறவில்லை. கணவர் கரைக்குக் கொண்டுவந்ததெல்லாம் அப்படியே மார்க்கெட்டுக்குப் போனது. மகள் மட்டும் அடுத்த வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு, விரலை முகர்ந்துகொண்டே வருவாள். கணவர் ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டு, "இது இன்னாத்துக்குச் சோறு" என்று முணுமுணுப்பார். அவர் அம்மா ஒரு பார்வை பார்ப்பார். தட்டு காலியாகும்.

கொஞ்சமாக ஏரி மீன் சாப்பிடலாம், அதில் அயோடின் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஏரி மீனெல்லாம் ஒரு மீனா?" என்று மாமியார் வாயைச் சுளித்தார். ஆனால் அக்கா வீட்டு மாடியைச் சுத்தம் செய்யப் போய்விட்டு நாங்கள் திரும்பும்போது, மூலக்குளத்தில் சாலையோரம் ஒரு பெண் ஊசுட்டேரி மீனை அலுமினியத் தட்டில் வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். கெளுத்தியும் கெண்டையும் இன்னும் வாலை அடித்துக்கொண்டிருந்தன. மாமியார் நின்றார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் காசு கொடுத்து மீன் வாங்கி நான் கண்டதில்லை.

அவர் ஒரு கெண்டையின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். விற்பவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாட்டி, அழுத்தாத. எல்லாம் காலைல புடிச்சது. மீனப் பத்தித் தெரிஞ்சா வாங்கு, தெரிலன்னா கைய வெக்காத."

என் வாய் துடித்தது. இவர் யார் தெரியுமா என்று சொல்ல வந்தேன். மாமியார் என் கையை அமுக்கினார். பெரிய மார்க்கெட்டில் இவர் குரல் எழும்பினால் பக்கத்துக் கடைக்காரிகள் அடங்கிப்போவார்கள். அப்படிப்பட்டவர் மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு இந்த மீன் தெரியாதும்மா. ஒடம்பு சரியில்லாத பொண்ணுக்கு. நீயே நல்லதாப் பாத்துப் போடு."

அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது. தட்டின் அடியிலிருந்து தேடி நல்ல மீனாக எடுத்துக் கழுவிக் கட்டிக் கொடுத்தாள். ஷேர் ஆட்டோவில் வரும்போது நான், "நீங்க யாருன்னு சொல்லியிருக்கலாம் இல்ல அத்தை?" என்றேன்.

"சொல்லி? அவ பொழப்பு அவளுக்கு. நமக்கு நல்ல மீன் வேணும், வந்துச்சு."

அன்றைக்கு ஒரு துண்டு கெண்டையோடு சாப்பிட்ட சோற்றை நான் மறக்கவில்லை. மாமியார் முதல் வாய் வைத்ததும் சேறு நாறுகிறது என்றார். பிறகு எலும்பு மட்டும் மிச்சம் வைத்தார்.

இரண்டாவது கேப்ஸ்யூலையும் விழுங்கினேன். மறுபடியும் அக்கா வீட்டு மாடி, மறுபடியும் தெருவுக்கும் மாடிக்கும் நடுவே கத்தல். இந்தத் தடவை மகள் தைரியசாலி. எதிர்ச் சாரியில் நின்றபடியே பள்ளிக்கூடத்தில் கற்ற பாட்டு முழுவதையும் பாடிக் காட்டிவிட்டுத்தான் போவாள்.

சில வாரங்களில் நடுக்கம் நின்றது. நெஞ்சுப் படபடப்பும் அடங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு கோவில் தெருவில் வேகமாக நடந்தேன், மூச்சு வாங்கவில்லை. ஆனால் இன்னும் கொஞ்ச நாள் போனதும் வேறு மாதிரி ஆனது. தூக்கம் தூக்கமாக வந்தது, முகம் உப்பியது, குளிர் தாங்கவில்லை. பரிசோதனையில் தைராய்டு இப்போது குறைவாகச் சுரப்பது தெரிந்தது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, ஆயுளுக்கும்.

என் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "அப்பவே சொன்னேன். ஒண்ணப் போக்கி இன்னொண்ணு வாங்கினு வந்துட்டியே."

"அழாதம்மா. இப்பிடி வரணும்னுதான் அந்த மருந்தே குடுத்தாங்க" என்றேன். டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தார். அதிகமாகச் சுரப்பதை அப்படியே விட்டால் இதயத்தைக் கெடுக்கும், எலும்பைத் தின்னும். குறைவாகச் சுரப்பதை ஒரு சின்ன மாத்திரையால் சரிக்கட்டிவிடலாம். அம்மாவுக்கு இதை நிதானமாக, தமிழ் தெரிந்த எவருக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்றார். மாத்திரையின் அளவு எனக்குப் பொருந்தி வரச் சில மாதங்கள் ஆயின. பிறகு உப்பிய முகமும் தூக்கமும் போயின. கம்பெனியில் நானே சூப்பர்வைசரிடம் போய், என்னைப் பழைய பெல்ட்டில் நிற்கவைத்துப் பாருங்கள் என்று கேட்டேன். அவர் ஒரு ஷிப்ட் முழுக்கப் பக்கத்திலேயே நின்று பார்த்தார். மறுநாளிலிருந்து அந்த இடம் என்னுடையது.

போன வாரம் விடுமுறை நாளில் மாமியாருக்கு உதவியாகப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மூலையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். வழக்கமாக வாங்கும் ஒரு அம்மா வந்தார். ரொம்ப மெலிந்திருந்தார். பேசும்போதே மூச்சு இரைத்தது. தைராய்டாம், அந்தக் கதிர் மருந்து எடுக்கச் சொல்கிறார்களாம், பயமாக இருக்கிறதாம்.

மாமியார் தராசைக் கீழே வைத்தார். "ஸ்கேன்ல சாயம் போட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றார் அந்த அம்மா. "வீட்ல பீடி யாராச்சும்? கட்டி பெருசா சிறுசா?" கேள்வி மேல் கேள்வி. பிறகு அந்த அம்மா எடுத்து வைத்திருந்த சங்கராவைக் கூடையிலிருந்து திரும்ப எடுத்துவிட்டார்.

"இது இப்ப உனக்கு வேணாம். எப்ப நிறுத்தணும்னு மொதல்ல ஒன் டாக்டராண்ட கேட்டுனு வா. மருந்து முடிஞ்சதும் நானே நல்ல மீனா எடுத்து வெக்கறேன்" என்றார். பக்கத்துக் கடைக்காரி, வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்புகிறாயே என்று கேட்டாள். மாமியார் அவளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார். மார்க்கெட்டுக்கே கேட்கும் குரலில் சொன்னார்:

"அதோ ஐஸு ஒடைக்கிறா பாரு, என் மருமவ. ரெண்டு தடவ எடுத்தவ. பயமா இருந்தா அவளாண்ட போயி கேளு."

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அந்த அம்மாவுக்கு உட்கார ஒரு முக்காலியை இழுத்துப் போட்டேன்.